பாத்தி கட்டிய மொட்டைமாடி

"மேடம், தளம் நல்லாக் காஞ்சிருச்சு. மேஸ்திரி முட்டைப் பிரிச்சிரலாங்கிறாரு. பிரிக்கலாமா?"

வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிடும். மதுரையில் ஒரு கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருசமாக எனக்கு வேலை. சிமெண்டு, கம்பி, ஜல்லி, செங்கல் எது வந்தாலும் சோதிப்பது, கியூப் உடைப்பது, அறிக்கையில் கையெழுத்துப் போடுவது. போட்டு எத்தனை நாளாச்சு, எந்த சிமெண்டு, எத்தனை அடி அகலம் என்றெல்லாம் நான் திருப்பிக் கேட்பேன். அதற்கும் முன்னால் காதில் உறுத்துவது அந்தக் 'காஞ்சிருச்சு'தான்.

துணி காயும். வடகம் காயும். களத்தில் நெல் காயும். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போனால் அது காய்வது. சிமெண்டு இறுகுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிமெண்டு தண்ணீரை உள்ளே இழுத்து, அதோடு வினை புரிந்து, அதைக் கல்லின் பங்காகவே ஆக்கிக்கொள்கிறது. மூழ்கிக் கிடந்தாலும் இறுகும். பாலத்துக்காக ஆற்றுக்கு அடியில் போடுகிற காங்கிரீட் அப்படித்தான் கல்லாகிறது. தண்ணீர் போய்விட்டால்தான் இறுகுவது நின்றுபோகும். தளம் வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது என்று ஒருவர் ஐந்தாம் நாள் சந்தோஷமாகச் சொன்னால், வேலை பாதியில் நின்றுவிட்டது என்றுதான் எனக்கு அர்த்தமாகும்.

சுண்ணாம்புக் காலத்துப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இறுகுவது; அதற்குக் காற்றுப் பட வேண்டும், கொஞ்சம் காயவும் வேண்டும். போர்பந்தர் ஆலையில் சிமெண்டு எடுக்கத் தொடங்கியது 1914-இல். மருந்து மாறி நூறு வருசம் தாண்டியும் பத்தியம் மாறவில்லை.

நம்பாதவர்களுக்காக என் ஜன்னலில் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன். ஒரே கலவையில் வடை அளவுக்கு இரண்டு வில்லை தட்டுவேன். ஒருநாள் அச்சில் இருக்க விட்டு, ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவேன், இன்னொன்றை ஜன்னல் வெயிலில் வைப்பேன். ஏழாம் நாள் வருகிறவர் கையில் ஒரு ஆணியைக் கொடுத்து, கீறச் சொல்வேன். தொட்டி வில்லையில் ஆணி வழுக்கும், பளபளவென்று ஒரு கோடு விழும், அவ்வளவுதான். ஜன்னல் வில்லை கோலமாவு மாதிரி உதிரும். சாம்பல் நிறம் இரண்டிலும் ஒன்றுதான், எடையும் கைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் அந்த உதிர்ந்த மாவை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். மேஸ்திரிகள் மட்டும் "அது வில்லைக்குத்தான், தளத்துக்கு அப்படி ஆகாது" என்பார்கள்.

என் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. சிவகங்கைப் பக்கம் வானம் பார்த்த பூமி எங்களுடையது. மழை தப்பிய ஒரு வருசத்தில் அப்பா மதுரைக்கு வந்து, கட்டுகிற வீடுகளுக்குக் காவல் இருக்கும் வேலையில் சேர்ந்தார். கட்டடம் எழும்புகிறவரை தகரக் கொட்டகையில் குடியிருப்பு. எழும்பியதும் அடுத்த மனைக்குப் பெட்டி படுக்கையோடு நடை. ஏழாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒன்பது வீடு மாறியிருக்கிறேன், ஒன்றுக்கும் கதவு வைத்து நான் பார்த்ததில்லை. சம்பளம் அப்பாவுக்கு மட்டும். தளத்துக்கும் சுவருக்கும் தண்ணீர் ஊற்றுவது அம்மா பாடு. "அவ சும்மாதானே இருக்கா" என்பது அன்றைய கணக்கு.

தளம் போட்ட மறுநாள் கருக்கலிலேயே அம்மா மேலே ஏறிவிடுவாள். மணலும் துளி சிமெண்டும் போட்டு ஒல்லிக் கலவையாகக் குழைத்து, தளம் முழுக்கப் பாத்தி கட்டுவாள். ஊரில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் கட்டிய அதே கை. பாத்தி சின்னதாக இருக்க வேண்டும் என்பாள்; பெரிசாகப் பிடித்தால் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடி மறு மூலை வெளுத்துவிடும். பில்லருக்குச் சாக்குச் சுற்றிக் கயிறு கட்டுவாள். "நின்ன சுவத்துல ஊத்துனா தண்ணி நிக்குமாடி?" என்பாள். இன்றைக்கும் நான் பார்க்கிற கட்டடங்களில் பில்லருக்குத்தான் தண்ணீர் மிகக் குறைவு. வீட்டைத் தாங்கப்போவது அதுதான்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் செய்கிற ஒரு காரியம் அப்போது எனக்குப் புரியாது. தளத்தின் ஓரத்தில் குனிந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை வைப்பாள். "இன்னும் கொதிக்குது, குடிக்கும்" என்று இன்னும் நாலு குடம் ஏற்றுவாள். வெயில் இறங்கி இரண்டு மணி நேரமாகியும் தளம் சுடும். அது வெயிலின் சூடு என்றுதான் டிப்ளமோ படிக்கிறவரை நினைத்திருந்தேன்.

அது சிமெண்டின் சொந்தச் சூடு. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறக்குறைய 1,450 டிகிரியில் சுட்டு எடுப்பதுதான் கிளிங்கர். அதை அரைத்தால் சிமெண்டு. சூளையில் வாங்கிய சக்தியில் ஒரு பகுதியை வைத்திருந்து, தண்ணீர் பட்டதும் திருப்பித் தருகிறது. முதல் மூன்று நாளில் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 50 கிலோ மூட்டை விடுகிற சூட்டில் நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அம்மாவின் உள்ளங்கை அளந்தது இதைத்தான்: சூடு இருந்தால் வினை நடக்கிறது, வினை நடந்தால் தண்ணீர் வேண்டும்.

அந்த வினை நேர்கோட்டில் நடப்பதில்லை. எங்கள் கூடத்தில் அதைப் பார்க்க ஒரு ஊசி இருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விக்கா பெயரில் உள்ள கருவி. சூயாக் என்ற ஊரில் தொர்தோன் ஆற்றின் மேல் பாலம் கட்டப் போனவர், தண்ணீருக்குள் இறுகுகிற சுண்ணாம்பைத் தேடிப் புறப்பட்டு இதில் ஆழ்ந்துபோனார். ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பேரில் அவரும் ஒருவர். 40 மில்லிமீட்டர் உயர அச்சில் சிமெண்டுக் குழம்பை நிரப்பி, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஊசியை அதன்மேல் விடுவோம். ஊசியும் தண்டும் சேர்ந்து 300 கிராம். அறை 27 டிகிரியில், இரண்டு டிகிரி கூடக் குறைய, இருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் ஏசி சிமெண்டுக்குத்தான், எங்களுக்கு மின்விசிறி.

முதல் தடவை ஊசி தயிருக்குள் கரண்டி போவதுபோல் அடி வரைக்கும் போகும். பத்து நிமிடம் கழித்தும் அப்படியே. அரை மணி கழித்தும் அப்படியே. புதிதாகச் சேர்கிற பையன்கள் இந்த இடத்தில் சலித்துப்போய் போனை எடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஏதோ ஒரு தடவை, ஊசி அடியைத் தொடாமல் ஐந்து மில்லிமீட்டர் மேலே நின்றுவிடும். அதுதான் தொடக்க இறுக்கம். சட்டப்படி அரை மணிக்கு முன்னால் அது நடக்கக் கூடாது. எங்களிடம் வருகிற மூட்டைகள் பெரும்பாலும் இரண்டு மணியைத் தாண்டித்தான் நிற்கும். கடைசி இறுக்கம் பத்து மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும்.

ஒன்றுமே நடக்காத அந்த நேரத்தின் மேல்தான் எனக்குப் பிரியம். தண்ணீர் பட்ட முதல் நிமிடங்களில் ஒரு வேகமான சூடு வரும். கிளிங்கரில் இருக்கும் அலுமினேட் அவசரக்காரன். விட்டால் சட்டியிலேயே கட்டியாகிவிடும். அதை அடக்கத்தான் அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சமும் அலுமினேட்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி ஊசியான படிகங்களாகித் துகள்மேல் படியும். அதற்கப்புறம் ஒரு தூக்கம், இரண்டிலிருந்து நாலு மணி நேரம். ஏன் தூங்குகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. துகளைச் சுற்றி மெல்லிய தோல் படிகிறது என்கிறார்கள் சிலர், கரைந்த சுண்ணாம்பு தண்ணீரில் மண்டிவிடுவதால் கரைவதே மந்தமாகிறது என்கிறார்கள் வேறு சிலர். காரணம் எதுவானாலும், அந்தத் தூக்கம் இல்லையென்றால் கலவையைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றவே முடியாது.

தூக்கம் கலைந்ததும் அலைட் என்ற சிலிக்கேட் வேலையைத் தொடங்கும். சிமெண்டில் பாதிக்கு மேல் அதுதான். தலைமுடியின் கனத்தில் கால் பங்குகூட இல்லாத துகள்கள் ஒவ்வொன்றிலிருந்தும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பசை முளைத்து, பக்கத்துத் துகளில் முளைத்ததோடு கோத்துக்கொள்ளும். கூடவே சுண்ணாம்புத் தகடுகளும் படியும். வலுவெல்லாம் அந்தப் பசையில்தான். சுமார் பத்து மணி நேரத்தில் சூடு உச்சிக்குப் போகும். அம்மா கை வைத்துப் பார்த்தது அந்தச் சூட்டைத்தான். பிறகு மெதுவாகும். பசை துகளையே மூடிவிடுவதால் தண்ணீர் அதற்குள் ஊடுருவித்தான் உள்ளே இருக்கும் மிச்சத்தைத் தொட வேண்டும். 28 நாளில் அலைட் ஏறக்குறைய 70 விழுக்காடு தீரும். பெலைட் என்ற இன்னொரு சிலிக்கேட் மந்தம். 28 நாளில் 30 விழுக்காடுதான், மீதிக்கு ஒரு வருசம் கேட்கும்.

டீ குடித்துவிட்டு வந்து, பாண்டில் விறைத்துப்போன கலவையில் ஒரு செம்பு தண்ணீர் தெளித்துக் கிண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அப்போதுதான் கை கோத்துக்கொண்டிருந்த பசையைப் பிய்த்து எறிகிறார்கள்.

இந்த இடத்தில் கருப்பட்டிக் கதையைச் சொல்லாமல் போக மனசில்லை. சில வருசத்துக்கு முன் ஒருவர் தன் வீட்டுக் காங்கிரீட் துண்டை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மூன்று நாளாகியும் நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிறது, போலி சிமெண்டு, கம்பெனி மேல் கேஸ் போட வேண்டும் என்றார். மூட்டையைச் சோதித்தேன், குற்றம் ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில் விஷயம் வந்தது. அந்தக் காலத்து அரண்மனைகளில் கடுக்காயும் வெல்லமும் கலந்து கட்டினார்கள், அதனால்தான் நிற்கிறது என்று எங்கோ கேட்டுவிட்டு, மூட்டைக்குக் கால் கிலோ கருப்பட்டியைக் கரைத்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கலந்தது சுண்ணாம்பில். சிமெண்டுக்குச் சர்க்கரை தூக்கமாத்திரை. ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும், அவர் போட்டது ஆயிரத்துக்கு ஐந்து. ரெடிமிக்ஸ் லாரி வழியில் மாட்டிக்கொண்டால், டிரம்முக்குள் காங்கிரீட் கல்லாகிவிடாமல் இருக்க, சர்க்கரையைக் கொட்டுகிற வழக்கம்கூட உண்டு. அவருடைய கருப்பட்டி உடன்குடியாம். அதைச் சொல்லும்போது அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை இருந்தது.

சரி, தண்ணீருக்கு வருவோம். எவ்வளவு? 1940-களில் அமெரிக்காவில் பவர்ஸ் என்பவர் இதைக் கிராம் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார். ஒரு கிராம் சிமெண்டு முழுசாக வினை முடிக்க 0.23 கிராம் தண்ணீரைக் கட்டிக்கொள்ளும், இன்னொரு 0.19 கிராம் பசையின் நுண்துளைகளில் சிக்கிக்கொள்ளும். மொத்தம் 0.42. 50 கிலோ மூட்டைக்கு 21 லிட்டர். அதற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் உள்ளே இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிற்பாடு ஆவியாகிப் போகும்போது ஓட்டையை விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் கூடினால் வலு குறையும் என்று டஃப் ஏப்ரம்ஸ் 1918-இலேயே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து மேஸ்திரிக்கு 22 லிட்டர்க் கலவை 'வறட்டுக் கலவை'. இழுக்க வராது, மட்டம் பிடிக்காது என்று ஒரு வாளி கூட்டுவார். பத்து லிட்டர் வாளி ஒன்று கூடினால் 0.44 என்றிருந்த கணக்கு 0.64 ஆகிவிடும்.

இதில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு கணக்கு உண்டு. இறுகும் சிமெண்டுக்குள் தண்ணீர் ஓடிய சந்துகள் எல்லாம் முதலில் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும். பசை வளர வளர அந்தச் சந்துகளை அடைத்துக்கொண்டே வரும். தண்ணீர் விகிதம் 0.45 என்றால் ஏழு நாள் ஈரத்தில் சந்துகள் அறுபட்டுவிடும். 0.5 என்றால் பதினான்கு நாள். 0.6 என்றால் ஆறு மாதம். 0.7-ஐத் தாண்டினால் ஜென்மத்துக்கும் அடைபடாது. கலக்கும்போது கர்ணனாக இருந்துவிட்டு, ஊற்ற வேண்டிய ஏழு நாளும் கஞ்சனாக இருக்கிறோம்.

ஏழு நாள் என்பதும் பழைய கணக்கு. என் சிறு வயதில் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். 1982-இல் பாதிக் கட்டுப்பாடு நீங்கி 1989-இல்தான் முழுசாக நீங்கியது. அந்தக் காலத்து ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு) மூட்டையை வைத்து வந்ததுதான் 'ஒரு வாரம் தண்ணி' என்பது. இன்றைக்கு வீட்டு வேலைக்குக் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பி.பி.சி. அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்ந்தது. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நீண்ட நாள் நோக்கில் நல்ல சிமெண்டு, கிளிங்கர் குறைவதால் சூளைப் புகையும் குறையும். ஆனால் சாம்பல் தானாக இறுகாது. முதலில் சிமெண்டு இறுகி, அதில் வெளிவரும் சுண்ணாம்பை வாங்கித்தான் சாம்பல் பசையாக மாற வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஈரம் பிடிக்கும். மூன்றாம் நாள் 53 கிரேடு ஓ.பி.சி. 27 மெகாபாஸ்கல் தர வேண்டும் என்றால், பி.பி.சி.க்கு விதி கேட்பது 16 தான். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்வதைப் பாருங்கள்: ஓ.பி.சி.க்குக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்ததற்குப் பத்து நாள். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் ஓ.பி.சி.க்குப் பத்து, கலப்பு சிமெண்டுக்குப் பதினான்கு. சித்திரை மாத மதுரையை வேறெந்தப் பட்டியலில் சேர்ப்பது? முட்டுக்கும் அப்படித்தான். நாலரை மீட்டர் வரைக்குமான தளத்துக்கு முட்டு ஏழு நாள், அதைத் தாண்டினால் பதினான்கு என்பது ஓ.பி.சி.க்குச் சொன்னது, கலப்பு சிமெண்டு என்றால் யோசித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நாள் போன் செய்கிறவருக்கு நான் சொல்கிற பதில் இப்போது தெரிந்திருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாத தளம் நாளைக்கே இடிந்து விழாது. தளத்தின் நடுவயிற்றில் இருக்கும் ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் வறள்வது தோல்தான், மேலும் கீழும் ஓரிரு அங்குலம். சுற்றியுள்ள ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். நம் ஊர் மத்தியானம் அதற்கு வெகு கீழே. கம்பிக்கு மேல் நாம் விடுகிற கவர் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40. ஆக, பாழாவது கம்பியின் சட்டைதான். நன்றாக இறுகிய சிமெண்டுக்குள் சுண்ணாம்புக் காரம் நிறைந்திருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. சட்டை சல்லடையானால் காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே போய்க் காரத்தைத் தின்றுவிடும். துரு ஏறிய கம்பி பருத்து, காங்கிரீட்டை அடியிலிருந்து தள்ளும். பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து ஒரு நாள் ராத்திரி படுக்கையறையில் ஒரு துண்டு பெயர்ந்து விழும். அப்போது ஒப்பந்தக்காரர் போன் நம்பர் மாறியிருக்கும்.

கியூப் டெஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். அந்த கியூபை உடைக்கிற நானே சொல்கிறேன். 150 மில்லிமீட்டர்ச் சதுரக் கட்டி, மறுநாள் அச்சைக் கழற்றியதும் தொட்டியில் இறங்கிவிடும். இருபத்தேழு நாளும் 27 டிகிரித் தண்ணீரில் ராஜ உபசாரம். அதன் அண்ணன் மொட்டைமாடியில் ஆடிக் காற்றில் வெடித்துக்கொண்டிருக்கும். இருபத்தெட்டாம் நாள் கியூப் 'பாஸ்' என்று நான் கையெழுத்துப் போட்டால், அந்தக் கலவை என்னவாகி இருக்கலாம் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. தளம் என்னவாக ஆயிற்று என்பதை அது சொல்லாது. அதற்குக் கோர் எடுக்க வேண்டும், தளத்தையே துளைத்து உருளையாக வெட்டி எடுத்து உடைப்பது. கோர்களின் சராசரி, கியூப் வலுவில் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, தனி ஒன்று 75-க்குக் கீழே போகக் கூடாது. அந்த 15 விழுக்காட்டுச் சலுகையையும் தாண்டிச் சறுக்குகிற கோர்களை என் எந்திரத்தில் பார்த்திருக்கிறேன். அதே வேலையின் கியூப் அறிக்கை பக்கத்து மேசையில் 'பாஸ்' என்று கிடக்கும். சண்டை வந்த பிறகுதான் கோருக்கு வருகிறார்கள்.

ஏன் யாரும் ஊற்றுவதில்லை? அறியாமை கொஞ்சம்தான். வீடு கட்டுகிற ஒப்பந்தத் தாள் ஒன்றை எடுத்துப் படியுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்ற வரிக்குக் கீழே "தண்ணீர், கரண்டு ஓனர் பொறுப்பு" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். தண்ணீர் ஓனருடையது, தளம் காண்ட்ராக்டருடையது. ஊற்றுகிற ஆள்? அந்த வரி தாளில் இல்லை. அரசு வேலைகளில் கேட்டால் தண்ணீர் ஊற்றும் கியூரிங் செலவு காங்கிரீட் விலைக்குள்ளேயே அடக்கம் என்பார்கள். அடக்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. தவணையோ 'ரூஃப் போட்டவுடன்' என்று எழுதியிருக்கும். பணம் வாங்கிய மறுநாள் ஆட்கள் வேறு மனைக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பது வாட்ச்மேன் வீட்டுப் பெண். அவளுக்கு மனசும் உடம்பும் இருந்தால் தளம் பிழைக்கும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. எஸ்டிமேட்டில் தனியாக ஒரு வரி வேண்டும்: தண்ணீர் ஊற்ற ஒரு ஆள், காலையும் மாலையும், பதினான்கு நாள், கூலி இவ்வளவு. ரூஃப் தவணையில் ஒரு பங்கைப் பதினைந்தாம் நாள் வரை நிறுத்தி வைக்கிற வரி இன்னொன்று. அரைநாள் கூலி வீதம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடுலர் கிச்சன் கதவுகளுக்கு நாம் தேடித்தேடி வாங்குகிற கைப்பிடிகளின் விலைதான் வருகிறது. வங்கிக் கடன் கொடுக்கிறவர்களும் தளம் போட்ட படத்தைக் கேட்பதோடு, பத்தாம் நாள் பாத்தியில் தண்ணீர் நிற்கிற படத்தையும் கேட்கலாம். கேட்டால் நிற்கும்.

குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் தளத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆயிரம் சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய 2,400 லிட்டர் வேண்டும். வெயில் அதில் தினமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அங்கெல்லாம் ஈரச் சாக்கைப் பரப்பி மேலே பாலித்தீன் தாளைப் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்துவிடுங்கள். ஊற்றுகிற தண்ணீர் வெகுவாகக் குறையும். தளத்துக்குத் தேவை ஈரம் போகாமல் இருப்பது. குளம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ராமநாதபுரத்துப் பக்கத்து போர்த் தண்ணீர் எங்களிடம் வந்தால், பாட்டிலைத் திறக்கும்போதே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

போன வருசம் நானும் ஒரு வீடு கட்டினேன். எஸ்டிமேட்டில் அந்த வரியை நானே எழுதினேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, முழங்கால் வலி. தளம் போட்ட மறுநாள் கருக்கலில் எழுந்து பார்த்தால் படுக்கையில் ஆள் இல்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். கூலிக்கு வந்த பெண் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். திட்டிக் கீழே இறக்க அரை மணி நேரமாயிற்று. காப்பி குடிக்கும்போது எஸ்டிமேட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி அந்த வரியைப் படித்தாள். தொகையை இரண்டு தரம் பார்த்தாள்.

"இது இந்தப் பதினாலு நாளைக்கு மட்டுமா, முன்னாடி ஊத்துனதுக்கும் சேத்தா?" என்றாள்.